நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: எதில் பெயர் கொடுக்கலாம்?

மருத்துவ ஆராய்ச்சிக்காக இரண்டு நாள் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "எத்தனை மைல்?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். ஏற்கெனவே ஓட்டியவர்கள் "எவ்வளவு திரட்டணும்?" என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் இந்தப் பெரிய பயணங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. அதைத் திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் ஓட்ட விடுவார்கள். பதிவுக் கட்டணம் தனி.

முதல் முறை சேர நினைப்பவர்கள் தூரத்தைப் பார்த்துப் பயந்து ஒன்றைத் தள்ளிவிட்டு, தொகையைப் பார்க்காமல் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். கால்களை நாலைந்து மாதத்தில் பழக்கிவிடலாம். தெரிந்தவர்கள் நூறு பேரிடம் பணம் கேட்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் கீழே உள்ள ஒப்பீட்டில் பணத்தைத்தான் முன்னால் வைத்திருக்கிறேன். வட அமெரிக்காவில் தமிழர்கள் நிறைய இருக்கும் மூன்று ஊர்களை ஒட்டிய மூன்று பயணங்களை எடுத்துக்கொள்கிறேன்: பாஸ்டன் பக்கத்து பான்-மாஸ் சேலஞ்ச், டொரொண்டோவின் ரைட் டு கான்கர் கேன்சர், ஹூஸ்டனில் கிளம்பும் எம்.எஸ். 150 (எம்.எஸ். என்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்).

பான்-மாஸ் சேலஞ்ச் இவற்றில் பெரியது, பழையது. பில்லி ஸ்டார் என்பவர் தன் அம்மாவை மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-இல் அவரும் நண்பர்களுமாக 36 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குறுக்கே சைக்கிள் ஓட்டி 10,200 டாலர் திரட்டினார்கள். இன்று ஆகஸ்ட் முதல் வார இறுதியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுகிறார்கள். 2024-இல் மட்டும் 7.5 கோடி டாலர் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போனது. தொடங்கிய நாள் முதல் சேர்ந்த மொத்தம் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இதில் பல பாதைகள் உண்டு. பேர் பெற்றது ஸ்டர்பிரிட்ஜிலிருந்து கேப் காட் முனையில் இருக்கும் ப்ராவின்ஸ்டவுன் வரை போகும் இரண்டு நாள் பாதை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முதல் நாள் நூறு மைலுக்கு மேல். காலையில் ஏற்ற இறக்கமாக இருக்கும், கடலை நெருங்க நெருங்கச் சமதளமாகிவிடும். இரவு போர்னில் உள்ள கடல்சார் கல்லூரியில் தங்கல். மறுநாள் விடியற்காலையில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து கேப் காட்டுக்குள் நுழைய வேண்டும். வெல்லஸ்லியில் கிளம்பும் குறைந்த தூரப் பாதைகளும், ஒரே நாளில் முடிவனவும் இருக்கின்றன.

இனி தொகை. இரண்டு நாள் நீண்ட பாதைக்கு அது ஐயாயிரம் டாலரைத் தாண்டும். பாதைக்கு ஏற்பக் குறையும். பதியும்போதே கிரெடிட் கார்டு எண் வாங்கிவிடுவார்கள். கெடு முடியும்போது எவ்வளவு குறைகிறதோ அது உங்கள் கார்டில் ஏறும். இது ஏதோ சின்ன எழுத்தில் ஒளித்துவைத்த விதி இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். ஆனாலும் "பார்த்துக்கலாம்" என்று பதிந்துவிட்டு இலையுதிர் காலத்தில் கையைப் பிசைபவர்கள் எல்லா வருஷமும் இருக்கிறார்கள்.

தொகை இவ்வளவு அதிகமாக இருந்தும் முதல் ஆளாக இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2007 முதல், ஓட்டுநர்கள் திரட்டும் பணம் நூற்றுக்கு நூறும் டானா-ஃபார்பருக்குப் போகிறது. சாப்பாடு, தண்ணீர்ப் பந்தல், போலீஸ், கூடாரம் இத்தனைக்கும் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களின் பணமும்தான். ஒஹாயோவின் கொலம்பஸில் 2009-இல் தொடங்கிய பெலோடோனியாவும் இதே வழியில் போகிறது, அங்கே பணம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் கீழே படிப்பதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

டானா-ஃபார்பருக்கு நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. பணம் கேட்கும்போது சொல்லத் தோதானது. அந்த நிலையத்தை ஏற்படுத்திய சிட்னி ஃபார்பர் 1947-இல் லுகேமியா வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை வந்தால் சில வாரங்களில் சாவுதான் என்றிருந்த நோய், அந்தக் குழந்தைகளில் சிலருக்குத் தற்காலிகமாகப் பின்வாங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தால் பலன் உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது அங்கேதான். அந்த மருந்து வந்தது லெடர்லி ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர்கள் உங்கள் தொடர்பு வட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு எழுதும் மடலில் இந்தப் பத்தியை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

டொரொண்டோ பயணம் 2008-இல் தொடங்கியது. ஜூன் மாதம், டொரொண்டோவிலிருந்து நயாகரா அருவி வரை, இரண்டு நாளில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பணம் பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்துக்கு. குறைந்தபட்சம் 2,500 கனடிய டாலர், அதாவது பாஸ்டனின் நீண்ட பாதைக்குக் கேட்பதில் பாதிகூட இல்லை. இந்த மையமும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன என்பதை ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் 1960-களின் தொடக்கத்தில் நிரூபித்தது இங்கேதான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் அதுதான்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. நன்கொடை தரப்போகிறவர்களில் பலருக்கு அந்த மருத்துவமனையின் பெயரே போதும். சொந்தத்தில் யாராவது அங்கே சிகிச்சை பெற்றிருப்பார்கள், அல்லது பெற்றவரைத் தெரிந்திருக்கும். எதற்குக் காசு என்று விளக்கவே வேண்டாம். நிதி திரட்டுவதில் பாதி வேலை அந்த விளக்கம்தான் என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தூரம் குறைவு என்று ஏமாந்துவிடவும் கூடாது. அருவி இருப்பது நயாகரா மேட்டுச்சரிவின் மேலே, நீங்கள் கிளம்புவது ஒன்டாரியோ ஏரிக்கரையில். எந்தப் பாதையில் போனாலும் ஓரிடத்தில் அந்த மேட்டை ஏறித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது டெக்சாஸ். தேசிய எம்.எஸ். சங்கம் அமெரிக்கா முழுக்க நடத்தும் பைக் எம்.எஸ். பயணங்களில் பெரியது இது. வசந்த காலத்தில், ஹூஸ்டனில் கிளம்பி இரண்டு நாள், நூற்றைம்பது மைல் கணக்கு. முன்பு ஆஸ்டினில் முடியும், இப்போது காலேஜ் ஸ்டேஷனில். தொகை சில நூறு டாலர்தான். மூன்றில் கையைக் கடிக்காதது இதுவே.

ஆனால் இதில் விளக்க வேண்டியது அதிகம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றால் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் வெளிப்படும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். நோயின் போக்கையே மாற்றும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-இல்தான். இன்றைக்கு அப்படி இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. முப்பது வருஷத்தில் ஒரு நோய்க்கு இந்த அளவு மாற்றம் என்பது சாதாரணமில்லை. இதை நாலு வரியில் சொல்ல முடிந்தால் பணம் வரும். இங்கே உங்கள் பணம் ஆராய்ச்சிக்கு மட்டும் போகாது, நோயாளிகளுக்கான உதவிகளுக்கும் பிரிந்து போகும். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் தர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மருந்து வரும்வரை நோயாளி வாழ வேண்டுமே.

சரி, ஐயாயிரம் டாலரை எப்படித் திரட்டுவது? தலைக்கு ஐம்பது டாலர் என்றால் நூறு பேர் வேண்டும். டொரொண்டோவுக்கு ஐம்பது பேர். கேட்கும் எல்லோரும் தரமாட்டார்கள், அதனால் குறைந்தது இரண்டு மடங்கு ஆட்களிடம் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் போனில் அத்தனை பேர் இருக்கிறார்களா என்பதைப் பதிவதற்கு முன்பே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அலுவலகம், பழைய கல்லூரி, குழந்தைகளின் பள்ளி, தமிழ்ச் சங்கம், கிரிக்கெட் அணி என்று பிரித்து எழுதினால் தெளிவாகத் தெரியும். அறுபது பெயருக்கு மேல் வரவில்லையா? பாஸ்டனின் நீண்ட பாதையை இந்த வருஷம் விட்டுவிட்டு ஒரு நாள் பாதையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பெரிய கம்பெனிகள் பல, ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தாங்களும் அதே அளவு தருகின்றன. ஐடி துறையில் இருப்பவர்கள் பலர் இந்தச் சலுகையைத் தொடுவதே இல்லை. நன்கொடை தருபவரிடம் "உங்க கம்பெனியில மேட்சிங் இருக்கா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் ஐம்பது டாலர் நூறாகிவிடும். இதை முறையாகக் கேட்பவர்களுக்கு ஐயாயிரம் அவ்வளவு பெரிய மலை இல்லை. மேட்சிங் பணம் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் என்பதை மட்டும் கெடுத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம் ஊர் மொய் நோட்டைப் போலத்தான் இந்தக் கணக்கும் நடக்கிறது. இந்த வருஷம் உங்களுக்கு ஐம்பது தந்தவரின் மகள் அடுத்த வருஷம் பள்ளி நடைப்பயணத்துக்கு நன்கொடை கேட்டு வருவாள், அப்போது நீங்கள் தர வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதல் வருஷம் பணம் வருவது எளிது. மூன்றாவது, நான்காவது வருஷம் அதே ஆட்களிடம் போய் நிற்கும்போதுதான் சிரமம் தெரியும். வருஷா வருஷம் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு, தொகை குறைவான பயணத்தில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொதுக் குழுவில் ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தால் கைகூப்பும் படங்கள்தான் வரும். தனித்தனியாகப் பெயர் போட்டு எழுதினால்தான் பணம் வரும்.

"இதற்கு நேராகவே ஒரு செக் எழுதிவிடலாமே, நடுவில் சைக்கிள் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். மொத்தத் தொகையும் உங்கள் பையிலிருந்தே போகப்போகிறதென்றால் நேராகத் தருவதே லாபம். பதிவுக் கட்டணம், சைக்கிள், உடை, ஹோட்டல், பயணம் என்று கரையும் பணமும் ஆராய்ச்சிக்கே போய்விடும். நீங்கள் ஓட்டாவிட்டால் வந்திருக்கவே வராத பணத்தை, தருகிற எண்ணமே இல்லாத ஐம்பது பேரிடமிருந்து வரவழைக்க முடிந்தால் சைக்கிளுக்கு அர்த்தம் உண்டு. அந்த அளவுகோலில் பார்த்தால் ஊரறிந்த ஆளுக்கு பாஸ்டன், புதிதாக ஊருக்கு வந்தவருக்கு டெக்சாஸ் போன்ற சிறு தொகைப் பயணம்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். மூன்றையும் பிரிப்பது தூரத்தைவிடப் பருவகாலம். டொரொண்டோக்காரர்களுக்கு ஜூன் என்பது மிகவும் சீக்கிரம். பனி உருகி, சாலையில் உப்பு கழுவப்பட்டு, வெளியே ஓட்டத் தொடங்கும்போது ஏப்ரல் ஆகிவிடும். கையில் இருப்பது இரண்டு மாதம். அதனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிலையாக மாட்டி மிதிக்கும் கருவி) ஓட்டுவது அங்கே கட்டாயம் மாதிரி. பாஸ்டனிலும் அதே பனிதான், ஆனால் பயணம் ஆகஸ்டில். ஏப்ரலில் அங்குள்ள மினிட்மேன் சைக்கிள் பாதையில் மெதுவாகத் தொடங்கி ஜூலைக்குள் நீண்ட தூரத்துக்கு வந்துவிடலாம். ஹூஸ்டனில் குளிர்காலம் முழுக்க வெளியே ஓட்டலாம். அங்கே பிரச்சினை எதிர்க்காற்று. சமதளம்தானே என்று நினைத்துப் போனால், மேடே இல்லாத சாலையில் மணிக்கணக்கில் மேடு ஏறுவது போலிருக்கும். பயிற்சிக்குத் தோதான காலம் என்று பார்த்தால் என் ஓட்டு பாஸ்டனுக்கு.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: சனிக்கிழமை நீண்ட தூரம் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துக்கொள்வது இரண்டு நாள் பயணத்துக்கு உதவாது. களைத்த காலோடும் வலிக்கும் உட்காருமிடத்தோடும் மறுநாள் காலை மறுபடி சீட்டில் ஏறுவதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. பயணத்துக்கு முந்தைய ஆறேழு வாரங்களில் சில வார இறுதிகளாவது இரண்டு நாளும் ஓட்டுங்கள். உள்ளே மெத்தை வைத்த கால்சட்டைக்குச் செலவு செய்ய யோசிக்காதீர்கள். சைக்கிளுக்கு மூவாயிரம் டாலர் கொட்ட வேண்டியதில்லை. நண்பருடையதை வாங்கி ஓட்டினாலும் சரி, கடையில் கொடுத்து சீட்டு உயரத்தையும் ஹேண்டில்பாரையும் உங்கள் உடம்புக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் போதும். முட்டிவலி என்று பாதியில் இறங்குபவர்களில் பலருக்கு சீட்டு உயரம்தான் கோளாறு.

தனியாகப் பூங்காப் பாதையில் மட்டும் ஓட்டியவர்கள் கூட்டத்தில் ஓட்டவும் பழக வேண்டும். முன்னால் போகிறவர் கையால் காட்டும் குழி, பின்னால் வரும் கார் பற்றிய கத்தல், சட்டென்று பிரேக்கை அழுத்தாமலிருக்கும் பழக்கம் எல்லாம் நாலு பேரோடு சேர்ந்து ஓட்டினால்தான் வரும். எனக்குத் தெரிந்து மேட்டைவிடக் கூட்டம்தான் புதியவர்களைக் கீழே தள்ளுகிறது.

சாப்பாடு, தங்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைவக்காரர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். வாழைப்பழமும் கடலை வெண்ணெய் சாண்ட்விச்சும் அலுக்கும், அவ்வளவுதான். உப்பு போட்ட ஏதாவது ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு கூடாரமோ கல்லூரி விடுதியோ, குறட்டைக்குக் காதடைப்பான் அவசியம்.

நீண்ட பயணம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கலிஃபோர்னியாவின் எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள், 545 மைல், 3,500 டாலர். இனி அது உங்கள் பட்டியலில் இருக்க முடியாது. 2025 ஜூனில் கடைசி முறையாக ஓடி முடித்துவிட்டது. நடத்தும் செலவு ஏறியது, ஆட்கள் குறைந்தார்கள். அதன் முன்னோடிப் பயணங்களை 1994 முதல் நடத்திய டான் பலோட்டாவின் கம்பெனியும் திரட்டும் பணத்தில் பெரும்பங்கு செலவுக்கே போகிறது என்ற விமர்சனங்களுக்கு நடுவே 2002-இல் மூடப்பட்டது. ஏழு நாள் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டு, கூடாரம் அடித்து, குளிக்க வெந்நீர் தந்து, லாரியில் மூட்டை ஏற்றி நகர்த்துவது சின்னச் செலவல்ல. நாள் கூடக் கூட டாலருக்கு இத்தனை காசு என்று செலவும் கூடும். பணம் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பதே நோக்கமென்றால் இரண்டு நாள் பயணம் ஏழு நாள் பயணத்தைவிடச் சிக்கனமானது என்று சந்தேகமில்லாமல் சொல்வேன். ஏழு நாளுக்கு வேறு ருசி உண்டு, அதை மறுக்கவில்லை.

லண்டனிலிருந்து பாரிஸுக்கு நாலு நாள் ஓட்டும் பயணங்களிலும் இதே எச்சரிக்கை. அங்கே பெரும்பாலும் பயண நிறுவனங்கள் நடத்துகின்றன, தொண்டு நிறுவனம் இடம் வாங்கித் தருகிறது. பயணச் செலவை நீங்களே கட்டிவிட்டு, திரட்டுவது முழுவதையும் தொண்டு நிறுவனத்துக்குத் தரும் வழி ஒன்று. திரட்டிய பணத்திலேயே பயணச் செலவும் கழியும் வழி இன்னொன்று. இரண்டாவதில் உங்கள் சித்தப்பா தந்த இருபது பவுண்டில் ஒரு பங்கு உங்கள் பாரிஸ் ஹோட்டலுக்குப் போகிறது. அந்த வழியில் போகிறவர் அதைத் தருபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால் முதல் வழி, கட்ட முடியாவிட்டால் போகாதிருப்பது.

எதில் சேர்ந்தாலும் கணக்கைப் பார்ப்பது சுலபம். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் 990 படிவம், கனடாவில் வருவாய்த் துறையிடம் தரும் ஆண்டறிக்கை இரண்டும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிதி திரட்டும் செலவு எவ்வளவு என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் மாமா கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

கால் ஒத்துழைக்காதவர்களுக்கும் கேட்கவே முடியாது என்பவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. பான்-மாஸ் சேலஞ்சுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் நிற்க, சாண்ட்விச் தடவ, மூட்டை தூக்க, பஞ்சர் ஒட்ட, தெருமுனையில் வழிகாட்ட. அந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தொகை எதுவும் கிடையாது. குடும்பத்தோடு போகலாம், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும், ஒரு வார இறுதியில் மொத்த ஏற்பாடும் எப்படி நடக்கிறது என்று உள்ளிருந்து பார்த்துவிடலாம். இரண்டு மனதாக இருப்பவர்கள் இந்த வருஷம் அப்படிப் போய்விட்டு, ஓட்டுவதா வேண்டாமா என்பதை அடுத்த ஜனவரியில் பதிவு திறக்கும்போது முடிவு செய்யுங்கள். பிடித்த பாதைகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பிப்ரவரி வரை தள்ளிப்போட வேண்டாம்.